ஆகஸ்டு மாதப் புத்தகக் கணக்கு

கணக்கெழுதும் பழக்கம் நம் புதுவைக்குப் புதிதன்று. ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761இல் கண்மூடும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரைக் காண வந்தார், ஊரில் என்ன பேச்சு என்றெல்லாம் எழுதி வைத்தார். அவர் மறைந்த அதே 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினர். ஊர் இடிந்தது, எழுத்து தப்பியது. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல், பிள்ளையின் குடும்பத்தாரிடம் இருந்த குறிப்பேடுகளைக் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். பின்னர் சென்னை அரசு அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டது.

கோட்டையையும் மாளிகைகளையும் இழந்த ஊரில் அந்த எழுத்து எப்படிப் பிழைத்தது? ஒரு குடும்பம் அதைத் தன் வீட்டுப் பொருளாகக் காத்து வைத்திருந்ததால் பிழைத்தது. வீட்டுக்குள் ஒரு நூல் இருப்பதன் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவதும் அதுவே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் நம் போன்றோர், நூல்களை இரவல் வாங்கிப் படிப்பதோடு நின்றுவிடக் கூடாது. மாதம் ஒரு நூலாவது விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆகவே, சென்ற ஆகஸ்டு மாதத்துக்கான என் புத்தகக் கணக்கையே முன்வைத்துப் பேசுகிறேன்.

வரவும் செலவும்

மாலை வேளைகளில் இரண்டு சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அதில் மாதம் 1,500 ரூபாய் வருகிறது. 1,200 ரூபாயை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எஞ்சிய 300 ரூபாய் என் கைச்செலவுக்கு. அந்த 300 ரூபாயில் ஆகஸ்டு மாதம் மூன்று நூல்கள் வாங்கினேன்.

முதலாவது, பெரெல்மான் எழுதிய ‘பொழுதுபோக்கு பௌதிகம்’. மகாத்மா காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில், பழைய துணிகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே கிடந்தது. விலை 60 ரூபாய். இரண்டாவது, பாரதிதாசனின் ‘இருண்ட வீடு’. அதே சந்தையில், அட்டை கிழிந்த பழைய பதிப்பு, 30 ரூபாய். மூன்றாவது, பாரதியார் கவிதைகள். கடையில் வாங்கிய புதுப் பதிப்பு, 150 ரூபாய். ஆக மொத்தம் 240 ரூபாய்.

இரவலாகப் பெற்றவை இரண்டு. ரோமன் ரோலண்ட் நூலகத்திலிருந்து பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’. நம் கல்லூரி நூலகத்திலிருந்து கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’. இரண்டும் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல்கள். பின்னது 1991இல், முன்னது 1995இல். இரண்டு ஆசிரியர்களும் நமக்கு உரியவர்கள். பிரபஞ்சன் இவ்வூரில் பிறந்தவர். இடைசெவலில் பிறந்த கி.ரா. முதுமையில் இவ்வூரைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2021இல் இங்கேயே மறைந்தவர்.

ஐந்து நூல்களில் நான்கைப் படித்து முடித்தேன். பாரதியார் கவிதைகள் படித்து முடிக்கும் நூலன்று. அது வீட்டில் இருக்க வேண்டிய நூல்.

“இது பரீட்சைக்கு வருமா?”

பெரெல்மானோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, “இது பரீட்சைக்கு வருமாப்பா?” என்பதுதான். “வராதும்மா” என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த நியாயத்தை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. அறுபது ரூபாய்க்கு எங்கள் வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கு மீன் வாங்கலாம். நம் கட்டணத்துக்கும் துணிமணிக்கும் தம் தேவைகளைச் சுருக்கிக்கொள்ளும் பெற்றோர், ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்பது அவர்களுடைய உரிமை. அந்தக் கணக்கைக் கொடுப்பது நம் கடமை.

என் பதில் நான் சொல்லாமலே இரண்டு நாளில் கிடைத்தது. பெரெல்மானின் நூலில் ஒரு படம் உண்டு. ஒரே பருமனுள்ள இரண்டு காப்பிப் பாத்திரங்கள். ஒன்று உயரம், மற்றது குட்டை. இரண்டின் மூக்கும் ஒரே உயரத்தில் முடிகின்றன. எதில் அதிகக் காப்பி பிடிக்கும் என்பது கேள்வி. அப்பா கொத்தனார், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இதுல என்ன இருக்கு? ரெண்டுக்கும் மூக்கு ஒரே மட்டம். அதுக்கு மேல தண்ணி நிக்காது, வெளிய வந்துடும். டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாக்குறமே, அதே கதைதான்” என்றார்.

அதோடு விடவில்லை. ஓர் அறையின் நான்கு மூலையிலும் தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் குறிப்பது எப்படி, குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் மட்டம் எப்படித் தவறும் என்றெல்லாம் எனக்கும் தங்கைக்கும் அரை மணி நேரம் விளக்கினார். இணைக்கப்பட்ட பாத்திரங்களில் திரவம் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று நாம் படித்த விதி, அவர் கையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்து வந்திருக்கிறது. என் பாடநூல்களை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அவை ஆங்கிலத்தில் உள்ளவை, அவருக்கு அந்நியமானவை. தமிழில் எழுதப்பட்ட ஓர் அறிவியல் நூல் வீட்டில் திறந்து கிடந்தது, அப்பா ஆசிரியரானார்.

இதனை எழுதிய பெரெல்மான் பள்ளி மாணவருக்கும் தொழிலாளருக்கும் புரியும்படி அறிவியல் எழுதியவர். ரஷ்ய மொழியில் இந்நூல் முதலில் வெளிவந்தது 1913இல். 1942இல், ஜெர்மானியப் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அந்நகரில் பசியால் இறந்தார். மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அவர் நூலைத் தமிழிலும் அச்சிட்டு மலிவு விலைக்கு அனுப்பியது. சோவியத் நாடு 1991இல் வரைபடத்திலிருந்து மறைந்தது. அது அனுப்பிய புத்தகம் காந்தி வீதியில் கிடந்து, என் வீட்டுக்கு வந்து, ஒரு கொத்தனாரைப் பேச வைத்தது. நூலின் ஆயுள் பெரிது!

வீட்டு நூலுக்கு வாசகர் பலர்

நூலகத்து நூலை நான் மட்டும் படிக்கிறேன். என் பெயரில் எடுத்தது, அழுக்காகக் கூடாது, நாளாகிவிட்டால் திருப்ப வேண்டும். ஆகவே பையிலிருந்து எடுப்பேன், படிப்பேன், மீண்டும் பைக்குள் வைப்பேன். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட அஞ்சுவார்கள். வாங்கிய நூல் அப்படியன்று. அது அலமாரித் தட்டில், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

‘இருண்ட வீடு’ கல்வி இல்லாத குடும்பம் படும் பாட்டை நகைச்சுவையாகச் சொல்லும் நூல். ஒருநாள் இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் தாமாகவே எடுத்து, தாம் சிரித்த இடங்களை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கை, பாரதியார் கவிதைகளை ஒப்பித்தல் போட்டிக்காகப் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். இப்போது அது அவளுடைய தோழியின் வீட்டில் இருக்கிறது. திரும்பி வரும் என்று நம்புகிறேன். வராவிட்டாலும் அந்த வீட்டிலும் ஒரு நூல் சேர்ந்தது என்று எண்ணிக்கொள்வேன்.

இரவல் நூல் ஒருவனை வளர்க்கிறது. சொந்த நூல் ஒரு வீட்டை வளர்க்கிறது. என் கட்சி இவ்வளவுதான்.

முதல் தலைமுறை

நம்மை ‘முதல் தலைமுறைப் பட்டதாரிகள்’ என்று அழைக்கிறார்கள். விண்ணப்பங்களிலும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் முதல் தலைமுறை வாசகர்கள் என்று நம்மைச் சொல்லிவிட முடியுமா? என் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. வேலை முடிந்ததும் தெருமுனைப் படிப்பகத்துக்குப் போய், செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். எழுதப் படிக்கத் தெரியாத தோழர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியதும் உண்டாம்.

அந்த ஓய்வு நேரமும் அவருக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. 1936 ஜூலை 30ஆம் நாள், பிரெஞ்சு ஆட்சியில், உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் இவ்வூரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, எட்டு மணி நேர வேலை 1937இல் இங்கே சட்டமானது. நாள் முழுவதும் தறியின் முன் நின்றவனுக்கு மாலை என்று ஒன்று கிடைத்தது அதற்குப் பிறகுதான். ‘படிக்க நேரம் இல்லை’ என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, அந்த நேரத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

தாத்தா வாசகர்தான். ஆனால் அவர் வாசித்தவை எல்லாம் படிப்பகத்தில் இருந்தன. வீட்டில் ஒரு நூல்கூட இல்லை. அவர் மறைந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடியும் மிதிவண்டியும் எங்களுக்குக் கிடைத்தன. அவர் படித்தது எதுவும் கிடைக்கவில்லை. அப்பாவின் கைக்கு எட்டும் இடத்தில் நான்கு நூல்கள் அன்று இருந்திருந்தால், அந்தப் பெரெல்மான் பக்கத்தை அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்திருக்குமா என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். நமக்குப் பின் வருவோருக்கு இப்படியொரு கேள்வி எழக் கூடாது.

மறுப்பும் விடையும்

‘நல்ல நூலகம் இருக்கும் ஊரில் எதற்கு வாங்க வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். நூலகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாரதி பூங்காவுக்கு அருகில் உள்ள நம் பொது நூலகம் 1827இல் தொடங்கப்பட்டது. முதலில் அது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னரே எல்லோருக்கும் கதவு திறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்டு பிறந்த நூற்றாண்டில், 1966இல், அவர் பெயர் சூட்டப்பட்டது. 1915ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே காந்தியடிகளைப் பற்றியும் இராமகிருஷ்ணரைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். படிப்பு மனிதனை எவ்வளவு தொலைவு அழைத்துச் செல்லும் என்பதற்கு அவர் பெயரே அந்த வாசலில் சாட்சி. அங்கிருந்து ‘வானம் வசப்படும்’ எடுத்திராவிட்டால், நான் நாள்தோறும் மிதிவண்டியில் கடக்கும் ரங்கப்பிள்ளை வீதி எனக்கு வெறும் கடைவீதியாகவே இருந்திருக்கும். விலை மிகுந்த பெரிய நூல்களுக்கும், நமக்கு ஒத்துவருமா என்று தெரியாத நூல்களுக்கும் நூலகமே துணை. இரவல் வாங்கிப் படித்துப் பார்த்து, வீட்டில் இருக்க வேண்டியது இது என்று தோன்றுவதை வாங்குவதே சிக்கனமான வழி.

‘எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே?’ என்பது இன்னொரு மறுப்பு. உண்மை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும் பாரதியையும் பாரதிதாசனையும் விலையின்றித் தருகிறது. பாரதியின் பாடல்களை 1949இல் சென்னை அரசு நாட்டுடைமையாக்கியதால்தான் அவரை யாரும் அச்சிடலாம், யாரும் ஏற்றலாம் என்ற நிலை வந்தது. நானும் பேருந்தில் அப்படிப் படிப்பவனே. ஆனால் என் கைப்பேசி என் சட்டைப் பையில் என்னோடு கல்லூரிக்கு வந்துவிடுகிறது. நண்பகலில் வேலை ஓய்ந்து உட்காரும் அம்மாவுக்கு அதில் உள்ள பாரதி எப்படிக் கிடைப்பார்? தட்டில் இருக்கும் பாரதி கிடைப்பார்.

மூன்றாவது மறுப்பு, பணம். இதை நான் எதிர்த்துப் பேச மாட்டேன். பத்து ரூபாயும் மிச்சமில்லாத வீடுகளிலிருந்து வரும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘வாங்கு’ என்று சொல்வது அறமாகாது. அவர்கள் வீட்டிலும் நூல் சேர வேண்டுமானால், அதற்குக் கல்லூரிதான் வழி செய்ய வேண்டும்.

கல்லூரியிடம் மூன்று வேண்டுகோள்

ஞாயிறு சந்தையில் நான் வாங்கிய பெரெல்மானின் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. 1984ஆம் ஆண்டு, பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு. பெயர் அழிந்துவிட்டது. யாரோ ஒரு மாணவர் கைதட்டலுக்கு நடுவே மேடையேறிப் பெற்ற நூல் அது. அன்று அவருக்கு ஒரு கோப்பையைக் கொடுத்திருந்தால் அது இன்று பழைய இரும்புக் கடையில் உருகியிருக்கும். ஆகவே, ஆண்டு விழாவில் விளையாட்டுக்கும் பேச்சுக்கும் கட்டுரைக்கும் கொடுக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் நெகிழிக் கேடயங்களுக்கும் பதிலாகத் தமிழ் நூல்களைப் பரிசாகத் தர வேண்டும். இது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, நம் நூலகத்து அலமாரிகளைப் பற்றியது. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் நூலின் முதுகு மட்டுமே தெரிகிறது. பெயர் தெரிந்த நூலைத்தான் கேட்டு வாங்க முடிகிறது. பெயரே தெரியாத நூலை எப்படிக் கேட்பது? நூல்களைப் பற்றிப் பேசக் கேட்டு வளராத நம் போன்றோர், கையில் எடுத்துப் புரட்டித்தானே தேர்ந்தெடுக்க முடியும்? ஆகஸ்டு 12ஆம் நாள், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நினைவாக நாடெங்கும் நூலகர் நாள் கொண்டாடுகிறோம். அவர் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். நூலகத்துக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பதும் அவற்றுள் ஒன்று. பூட்டு இருக்கும் வரை அந்த நூலும் அந்த வாசகரும் சந்திக்கப்போவதில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலாவது பாடம் சாராத நூல்களின் அலமாரிகளைத் திறந்து வைத்தால் போதும். நூல் காணாமல் போகும் என்ற அச்சம் இருந்தால், காவலுக்கு மாணவர்களாகிய நாங்களே முறைவைத்து நிற்கிறோம்.

மூன்றாவது, பருவ விடுமுறையில் ஆளுக்கு இரண்டு நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இசைவு தர வேண்டும். வாங்க இயலாத நண்பரின் வீட்டில் ஒரு மாதமாவது இரண்டு நூல்கள் தட்டில் இருக்கட்டும். அவருடைய தாயும் தம்பியும் அவற்றைத் தொடட்டும்.

கி.ரா. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்ற கருத்தில் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து அமர்த்தியது. பட்டம் வேறு, படிப்பு வேறு என்பதை இந்த ஊர் அறிந்திருந்தது. இன்னும் ஓர் ஆண்டு கழித்து நாம் பட்டத்தோடு வெளியேறுவோம். அந்தத் தாளைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள், பெற்றோர் மகிழ்வார்கள், மகிழட்டும். அந்தச் சுவருக்குக் கீழே ஒரு பலகை அடித்து, அதில் முப்பது நூல்களாவது வைத்துவிட்டுத்தான் நாம் வேலை தேடிப் புறப்பட வேண்டும். மாதம் ஒன்று வீதம் இன்று தொடங்கினாலும், மூன்று ஆண்டுகளுக்குள் முப்பதைத் தாண்டிவிடலாம்.

செப்டம்பர் மாதத்துக்கு என்னிடம் 300 ரூபாயும், ஆகஸ்டில் மீந்த 60 ரூபாயும் இருந்தன. அம்மா இம்முறை பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்த இருண்ட வீட்டுக்காரர் வேற என்னப்பா எழுதியிருக்காரு?” என்று கேட்டார்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)